தொழிற்கூடத்திலிருந்து பயிற்சிக்கூடத்துக்கு: ஐடிஐ பயிற்றுநர் ஆக விரும்பும் தொழிலாளருக்கு ஒரு வழிகாட்டி

அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ ஒரு தொழிற்கூடத்தில் பல ஆண்டுகள் ஃபிட்டராக, டர்னராக, வெல்டராக, எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவிட்டு, இனி அந்தத் தொழிலை இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அப்படி நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்; பயிற்றுநர் கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்கும் ஐடிஐ முதல்வர்களும் பலர் இருக்கிறார்கள். இரு தரப்பும் சந்திக்காமல் போவதற்குப் பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமல்ல. எந்தச் சான்றிதழை எப்போது வாங்க வேண்டும், எந்த அனுபவத்தை எப்படி நிரூபிக்க வேண்டும், தேர்வுக் குழுவின் முன் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதே காரணம்.

பணியிடங்கள் ஏன் காலியாகவே இருக்கின்றன

மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் உள்ள ஐடிஐக்கள் அந்தத் திட்டத்தின் கீழ்தான், பயிற்சித் தலைமை இயக்ககம் வகுத்த பாடத்திட்டத்தைப் பின்பற்றி நடைபெறுகின்றன. 2022-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி ஓர் ஆண்டுக்கு 1200 மணி நேரப் பயிற்சி உண்டு; முதல் ஆண்டில் அதில் 840 மணி நேரம் செய்முறைக்கும், 240 மணி நேரம் தொழிற்பாடத்துக்கும், 120 மணி நேரம் வேலைவாய்ப்புத் திறன்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஏழு பங்கு நேரம் மாணவன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறான் என்றால், அவனுக்குக் கற்பிப்பவர் பெஞ்சில் நின்று வேலை செய்து காட்டக்கூடியவராக இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் விண்ணப்பங்கள் வருவது வேறு மாதிரி. பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் ஏராளமாக விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஹேக்சா பிடித்த பழக்கம் கல்லூரி ஒர்க்‌ஷாப்போடு நின்றுபோயிருக்கும். கையில் தொழில் உள்ள மூத்த தொழிலாளிக்கோ பயிற்றுநர் சான்றிதழ் இருக்காது. அல்லது அவர் வேலை பார்த்த பட்டறை எந்தக் காகிதமும் கொடுத்திருக்காது. இரண்டும் உள்ள ஒருவர் கிடைத்தாலும், ஓவர்டைமோடு சேர்த்து ஒரு சிஎன்சி (கணினிவழி இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டர் வாங்கும் தொகையைப் பல தனியார் நிலையங்களால் சம்பளமாகக் கொடுக்க முடிவதில்லை. சம்பளப் பிரச்சினையை விண்ணப்பதாரர் தீர்க்க முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

தகுதியைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு தொழிற்பிரிவின் பாடத்திட்ட நூலிலும் பயிற்றுநருக்கான தகுதி தனியாக அச்சிடப்பட்டிருக்கும். ஃபிட்டர் பிரிவை எடுத்துக்கொண்டால் மூன்று வழிகள் இருக்கின்றன. மெக்கானிக்கல் பொறியியல் பட்டத்தோடு துறை சார்ந்த ஓராண்டு அனுபவம் என்பது ஒன்று. மூன்றாண்டு டிப்ளமோவோடு இரண்டாண்டு அனுபவம் என்பது மற்றொன்று. ஃபிட்டர் பிரிவில் என்டிசி எனப்படும் தேசியத் தொழிற்சான்றிதழோ, என்ஏசி எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழோ பெற்று, அதோடு மூன்றாண்டு அனுபவம் இருப்பது மூன்றாவது. எந்த வழியில் வந்தாலும் என்சிஐசி எனப்படும் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் கட்டாயம்.

அதே பக்கத்தில், பலர் கவனிக்காமல் விடும் ஒரு குறிப்பும் இருக்கிறது. இரண்டு யூனிட்டுகளுக்கு, அதாவது இரண்டு மாணவர் குழுக்களுக்கு, இரண்டு பயிற்றுநர்கள் நியமிக்கப்படும்போது, ஒருவர் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவராகவும், மற்றவர் என்டிசி அல்லது என்ஏசி பெற்றவராகவும் இருக்க வேண்டும். அதாவது ஐடிஐ படித்துத் தொழிற்கூடத்தில் வளர்ந்தவருக்கென்றே ஓர் இடம் விதியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. 'பி.இ. படித்தவர்கள் இருக்கும்போது என்னை எங்கே எடுப்பார்கள்' என்று தயங்கி விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இந்தக் குறிப்பை ஒரு முறை படிக்க வேண்டும்.

ஐடிஐயே படிக்காமல் பட்டறையில் தொழில் கற்றவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வாய்ப்பு குறித்து வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிக்கை வெளியிடும்போது, அதில் சொல்லப்படும் வயது, அனுபவ நிபந்தனைகளைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசு ஐடிஐக்கு நேரில் சென்று கேட்பதுதான் இதற்கு நம்பகமான வழி. இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ், சரிபார்ப்பின்போது உங்கள் வேலையோடு சேர்த்து மரியாதையையும் கொண்டுபோய்விடும்.

அனுபவத்துக்கு ஆதாரம் சேருங்கள்

நல்ல கைகள் உள்ளவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். பத்தாண்டு வேலை பார்த்திருப்பார். ஆனால் கையில் இருப்பது, தேதி இல்லாமல், 'இவர் எங்களிடம் நன்றாக வேலை செய்தார்' என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட ஒரு கடிதமாக இருக்கும். அந்தக் கடிதத்தை வைத்து எந்த முதல்வரும் கோப்பில் கையெழுத்திட முடியாது.

அனுபவச் சான்றிதழில் நிறுவனத்தின் முழு முகவரியும் பதிவு எண்ணும், நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும், வகித்த பதவியும் இருக்க வேண்டும். எந்த இயந்திரத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரமும், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் முத்திரையும் இருக்க வேண்டும். 'மெக்கானிக்கல் வேலை' என்று எழுதுவதைவிட, 'சென்டர் லேத்தில் ஷாஃப்ட், புஷ் வேலைகள். ஜிக், ஃபிக்ஸ்ச்சர் அசெம்பிளி' என்று எழுதுவது பல மடங்கு பயன் தரும், ஏனென்றால் 'துறை சார்ந்த அனுபவம்' என்ற சொற்களுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பாஸ்புக், இஎஸ்ஐ அட்டை, சம்பளம் வரவான வங்கிப் பக்கங்கள் ஆகியவற்றையும் சேர்த்துவையுங்கள். சிறு பட்டறைகளில் வைப்பு நிதிப் பிடித்தம் இல்லாமல் போகலாம். அப்போது வங்கிப் பக்கங்களும், முதலாளியின் ஜிஎஸ்டி எண்ணோ சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எண்ணோ கொண்ட கடிதமும் ஓரளவு கைகொடுக்கும்.

இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். விலகி நான்கு ஆண்டுகள் கழித்துப் போனால் பட்டறை இடம் மாறியிருக்கலாம், மேலாளர் மாறியிருக்கலாம், முதலாளிக்கு உங்கள் மேல் வருத்தமும் இருக்கலாம். சான்றிதழ் பெற்ற பிறகு கிடைத்த அனுபவத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்களா, அதற்கு முந்தையதும் சேருமா என்பதை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

வேலையை விடும் முன்பே கற்பிக்கத் தொடங்குங்கள்

தொழில் தெரிந்த எல்லோராலும் தொழிலைக் கற்பித்துவிட முடியாது. தனக்குக் கைவந்த ஒன்றை, அது கைவராத ஒருவனுக்குப் பிரித்துக் காட்டுவது தனித் திறமை; அதுவும் பழகினால்தான் வரும். கற்பித்த அனுபவம் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன், உங்கள் தொழிற்கூடத்திலேயே சுற்றிப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அப்ரண்டிஸ்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனமாக இருந்தால், அவர்களைக் கவனிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் அதை மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் உற்பத்தி அவசரத்தில் அவர்களுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. அந்தப் பொறுப்பை எழுத்தில் வாங்குங்கள்: எந்த ஆண்டு, எத்தனை பேருக்கு, எந்த வேலையைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஒரு கடிதம் இருந்தால் போதும்.

சமுதாயக் கல்லூரிகள் இன்னொரு வாசல். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் ஒன்றைத் தொடங்கியது; அதற்கு அடுத்த ஆண்டு சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் தொடங்கப்பட்டது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளுக்குள் சமுதாயக் கல்லூரிகளை நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளியையோ கல்லூரியையோ முடிக்காமல் நின்றவர்களும் வேலைக்கான திறனைப் பெற வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம் என்பதால், தொழிலில் இருப்பவர்களை வாரத்தில் சில மணி நேரம் வந்து செய்முறை வகுப்பு எடுக்க அழைப்பதும் உண்டு. மணி நேர ஊதியம் பெரிதாக இருக்காது. ஆனால் பணியை விடாமலே வகுப்பறையில் நிற்கும் பழக்கம் கிடைக்கிறது. முதன்முறையாக இருபது பேருடைய கண்கள் உங்கள் கைகளைப் பார்க்கும்போது வரும் தடுமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த இருபது பேருக்கு எப்படிக் காட்டுவது என்பதற்கு ஃபிட்டர் பிரிவின் தொடக்கப் பாடமான அரம் போடுதலையே எடுத்துக்கொள்ளலாம். பழகிய ஃபிட்டர், 'இப்படிப் போடு' என்று இரண்டு தடவை ராவிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மாணவன் அரை மணி நேரம் போராடுவான். அவனுடைய துண்டின் நடுப்பகுதி மேடாகவும் இரு விளிம்புகளும் சரிவாகவும் இருக்கும். நல்ல பயிற்றுநர் முதலில் வைஸின் உயரத்தைப் பார்ப்பார். தாடைகளின் மேற்பகுதி மாணவனின் முழங்கை மட்டத்தில் இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். பிறகு இடது காலை முன்வைத்து நிற்பது, உடலை எவ்வளவு சாய்ப்பது என்று காட்டுவார். அரம் முன்னோக்கிப் போகும்போதுதான் வெட்டும் என்பதைச் சொல்லி, திரும்பும்போது அழுத்தத்தை எடுத்துவிடச் சொல்வார். தள்ளத் தொடங்கும்போது அரத்தின் முன்முனையைப் பிடித்த கையில் அழுத்தம் அதிகம், நடுவில் இரு கைகளிலும் சமம், முடியும்போது பிடியைப் பற்றிய கையில் அதிகம் என்பதை மிக மெதுவாக, அரத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். நடுமேடு வருவதற்குக் காரணம் இந்த அழுத்த மாற்றம் நடக்காமல் அரம் ஊசலாடுவதுதான். கடைசியாக டிரை ஸ்கொயரைத் துண்டின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒளி எங்கே கசிகிறது என்று மாணவனையே சொல்லவைப்பார். குறையைத் தானே கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு அடுத்த துண்டில் பாதிப் பேச்சு தேவைப்படாது.

ஆர்க் வெல்டிங்கில் சிக்கல் வேறு. திரைக் கண்ணாடி இல்லாமல் யாரும் பார்க்கக் கூடாது. கண்ணாடியோடு பார்த்தாலும் உருகிய குழியைச் சுற்றி நான்கைந்து பேருக்குத்தான் இடம் இருக்கும். ஆகவே இருபது பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்திச் செய்துகாட்டினால், பதினைந்து பேர் வெறும் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். குழுவாகப் பிரித்து, ஒரே செய்முறையை நான்கு முறை சலிக்காமல் செய்துகாட்டுகிறவரே இங்கு பயிற்றுநர். மின்சாரம் ஓடாத ராடைக் கையில் பிடித்து, சாய்வையும் நகர்த்தும் வேகத்தையும் முதலில் ஒத்திகை பார்க்கச் செய்வதும் மிகுந்த பலன் தரும்.

இத்தகைய ஒவ்வொரு பாடத்துக்கும் உங்களுக்கென்று ஒரு செய்முறைத் திட்டத்தை எழுதிவைக்கப் பழகுங்கள். தேவையான கருவிகள், பாதுகாப்பு, செய்யும் வரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் மாணவன் செய்யக்கூடிய தவறு, அதைச் சரிபார்க்கும் முறை ஆகியவை ஒரு தாளில் அடங்கிவிடும். சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்சிச் சாதன நிறுவனமான நிமி, 1986-இல் தொடங்கப்பட்டது முதல் ஐடிஐ பாடநூல்களைத் தயாரித்து வருகிறது. உங்கள் தொழிற்பிரிவின் நிமி செய்முறை நூலை வாங்கி, அதிலுள்ள பயிற்சிகளின் வரிசையிலேயே இந்தத் தாள்களை எழுதத் தொடங்கலாம்.

பயிற்றுநர் சான்றிதழ்

என்சிஐசி சான்றிதழைத் தருவது சிஐடிஎஸ் என்று எல்லோரும் அழைக்கும் ஓராண்டுப் பயிற்சி. தேசியத் திறன் பயிற்சி நிலையங்கள் இதை நடத்துகின்றன. தமிழ்நாட்டில் கிண்டி நிலையம் நெடுங்காலமாக இதற்குப் பெயர் பெற்றது. அகில இந்திய அளவிலான பொது நுழைவு முறையில்தான் சேர்க்கை நடைபெறுகிறது. எல்லாத் தொழிற்பிரிவும் எல்லா நிலையத்திலும் இருக்காது என்பதால், உங்கள் பிரிவு எங்கே நடத்தப்படுகிறது என்பதைப் பார்த்த பிறகே விருப்ப வரிசையை நிரப்புங்கள். பயிற்சியில் பெரும்பகுதி உங்கள் தொழிற்பாடமும் செய்முறையும். மற்றது கற்பிக்கும் முறை. ஆயத்தப்படுத்துதல், விளக்கிக் காட்டுதல், செய்யவைத்தல், சோதித்தல் என்ற நான்கு படி முறையும், பாடத் திட்டம் எழுதுவதும், சக மாணவர்கள் முன் வகுப்பெடுத்துக் காட்டுவதும் அதில் அடங்கும்.

குடும்பத்தைத் தாங்கும் ஒருவருக்கு ஓராண்டு வருமானத்தை இழப்பது எளிதல்ல. என் கருத்தில், முப்பது வயதுக்குள் இருப்பவர் எப்பாடுபட்டாவது இந்த முழு ஆண்டுப் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது. பின்னால் வரும் ஒவ்வொரு வாய்ப்பிலும் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். வயது கூடியவர்களும் பொறுப்பு அதிகம் உள்ளவர்களும் முதலில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, பணியில் இருக்கும் பயிற்றுநர்களுக்கென உள்ள முன்கற்றல் அங்கீகார முறையில் (ஏற்கெனவே உள்ள திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை) பின்னர் சான்றிதழ் பெற முயலலாம். ஆனால் அந்த முறை எப்போது திறக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

எங்கே விண்ணப்பிப்பது

அரசு ஐடிஐக்களில் இளநிலைப் பயிற்சி அலுவலர் போன்ற நிரந்தரப் பணியிடங்கள் அறிவிக்கை மூலம் நிரப்பப்படுகின்றன. இடஒதுக்கீடு, வயது வரம்பு, தேர்வு முறை அனைத்தும் அதில் இருக்கும். இவற்றுக்குக் காத்திருக்கும் காலம் நீண்டது என்பதால், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தனியார் ஐடிஐக்கள், அறக்கட்டளைகள் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்கள், பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்புகள், பெரிய நிறுவனங்களின் சொந்தப் பயிற்சிக்கூடங்கள், திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகியகாலப் பயிற்சிகள் என்று வாய்ப்புகள் பரந்து கிடக்கின்றன. குறுகியகாலப் பயிற்சிகளில் துறைத் திறன் குழுக்கள் வழங்கும் பயிற்றுநர் பயிற்சிச் சான்றிதழைக் கேட்பார்கள். அது என்சிஐசிக்கு மாற்று அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து தொழில் 4.0 எனப்படும் நவீன தானியங்கி உற்பத்தி முறைக்கான மையங்கள் உருவாக்கப்பட்டதால், சிஎன்சி, ரோபோ, மின்வாகனம் போன்றவற்றில் அனுபவம் உள்ளவர்களின் தேவை கூடியிருக்கிறது. வழக்கமான லேத் அனுபவத்தோடு சிஎன்சி செட்டிங் தெரிந்தவர் அதைத் தம் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

தேர்வு நாளில்

நல்ல நிலையங்கள் நேர்காணலோடு செய்முறைச் சோதனையும் வைக்கின்றன. ஒரு வரைபடத்தைக் கொடுத்து, குறிப்பிட்ட அளவுக்குள் ஒரு வேலையைச் செய்யச் சொல்வார்கள். அல்லது ஒரு தலைப்பைக் கொடுத்துப் பத்து நிமிடம் வகுப்பெடுக்கச் சொல்வார்கள். முதலாவதில் வேகத்தைக் காட்ட முயல வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறாரா, வெர்னியரை எடுக்கும் முன் தாடைகளைத் துடைத்துப் பூஜ்யத்தைப் பார்க்கிறாரா, வேலை முடிந்ததும் பெஞ்சைச் சுத்தம் செய்கிறாரா என்பதையும் குழு கவனிக்கிறது. மாணவர்கள் உங்களைப் பார்த்துத்தான் இவற்றைச் செய்வார்கள் அல்லது விடுவார்கள்.

வகுப்பெடுக்கும்போது சிறிய தலைப்பாகத் தேர்ந்தெடுங்கள். 'லேத்' என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் பாகங்களின் பெயர்களை ஒப்பிப்பதோடு முடிந்துவிடும். '0.02 மி.மீ. துல்லியமுள்ள வெர்னியரில் ஓர் அளவைப் படிப்பது' என்று எடுத்துக்கொண்டால், கருவியைக் கையில் கொடுத்து, குழு உறுப்பினர் ஒருவரையே படிக்கவைத்து, அவர் தவறினால் எங்கே தவறினார் என்று காட்டி முடித்துவிடலாம். தமிழில் விளக்கி, கருவியின் பெயரையும் அளவுச் சொற்களையும் வரைபடத்தில் வருகிறபடியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்; மாணவன் நாளை தொழிற்சாலையில் சந்திக்கப்போவது அந்தச் சொற்களைத்தான்.

ஒப்புக்கொள்ளும் முன்

நியமன ஆணையை எழுத்தில் கேளுங்கள். தொகுப்பூதியமா, நிரந்தரப் பணியா, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வைப்பு நிதி பிடிப்பார்களா, சிஐடிஎஸ் பயிற்சிக்கு விடுப்புத் தருவார்களா என்பவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிறகு ஒர்க்‌ஷாப்பை ஒரு சுற்றுப் பாருங்கள். ஃபிட்டர் பிரிவின் ஒரு யூனிட்டில் 20 மாணவர்கள் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் வைஸ் இருக்கிறதா, அரங்களுக்குப் பல் இருக்கிறதா, இயந்திரங்கள் ஓடுகின்றனவா, மூலப்பொருளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். எம்.எஸ். பிளேட் வாங்கித் தராத நிலையத்தில் எவ்வளவு சிறந்த பயிற்றுநரும் 840 மணி நேரத்தை நிரப்ப முடியாது. ஆய்வுக்காகப் பெயரை மட்டும் கொடுத்துச் சான்றிதழ் நகலை வாங்கிக்கொள்ள முயலும் நிலையங்களுக்கு உங்கள் அசல் சான்றிதழ்களை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே, நீங்கள் வேலை பார்த்த தொழிற்கூடத்தின் மேலாளரையும் அங்குள்ள நண்பர்களையும் ஒரு முறை நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். பாடத்திட்டம் ஒவ்வோர் ஆண்டும் 150 மணி நேரப் பணியிடப் பயிற்சியையோ குழுச் செயல்திட்டத்தையோ கேட்கிறது. அதற்கு இடம் கிடைக்காமல் அலையும் நிலையங்கள் உண்டு. பத்தாண்டு தொழிற்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவரால் ஒரு தொலைபேசி அழைப்பில் நான்கு மாணவர்களுக்கு இடம் வாங்கித்தர முடியும். அந்த நால்வரில் இருவரையாவது படிப்பு முடிந்ததும் அந்த மேலாளரே வேலைக்கு எடுத்துக்கொள்ளக் கூடும்.